பல்லாண்டு வாழ்வது செடியா, பாத்தியா?

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெயில் விழும் தோட்டம் வைத்திருப்பவர்கள் நாற்றுப் பண்ணையில் முதலில் தேடும் செடிகளில் எக்கினேசியாவும் ஒன்று. ஆங்கிலத்தில் கோன்ஃப்ளவர் என்பார்கள். நம் ஊரில் ஹோமியோபதிக் கடைச் சீசாக்களில் பெயரளவில் மட்டும் அறிமுகமான செடி. இடுப்பளவு உயரம், சொரசொரப்பான இலை, முள்ளாகச் சிலிர்த்து நிற்கும் செம்பழுப்புக் கூம்பு, அதைச் சுற்றிக் கீழ்நோக்கிச் சரியும் இளஞ்சிவப்பு இதழ்கள் என்று எளிதில் அடையாளம் தெரியும். தொட்டியில் செருகிய சீட்டில் ‘பல்லாண்டுச் செடி’ என்று அச்சிட்டிருக்கும். ஒரு முறை நட்டால் ஆண்டுதோறும் பூக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். முதல் ஆண்டு பூக்கிறது, இரண்டாம் ஆண்டு இன்னும் செழிப்பாகப் பூக்கிறது, மூன்றாவது அல்லது நான்காவது வசந்தத்தில் பல தோட்டங்களில் அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. குளிர் கொன்றுவிட்டது, நாற்று சரியில்லை என்று இரண்டு காரணங்கள் உடனே சொல்லப்படும். சில நேரம் அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தச் செடியின் உடலமைப்பையும் இனப்பெருக்கத்தையும் பற்றி நமக்குத் தெரிந்தவை வேறொரு விளக்கத்தை நோக்கி இழுக்கின்றன. பல்லாண்டு வாழ்வது தொட்டியோடு விலைக்கு வாங்கி வரும் குணம் அல்ல. வேர், மகரந்தச் சேர்க்கை, விதை ஆகிய மூன்றும் ஒழுங்காக நடக்கும் இடத்தில் அது உருவாகிறது. பூவை மட்டும் குறிவைக்கும் பராமரிப்பு இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கெடுக்கிறது. இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் செடியின் பூர்வீகம். எக்கினேசியா பேரினத்தில் பொதுவாக ஒன்பது இனங்களைக் கணக்கிடுகிறார்கள். எல்லாமே வட அமெரிக்காவின் நடுப்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் உரியவை. சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பமான ஆஸ்டரேசியைச் சேர்ந்தவை. தோட்டங்களில் மிகுதியாக நடப்படுவது எக்கினேசியா பர்ப்பூரியா. மருந்துக்காக நெடுங்காலமாகத் தோண்டப்பட்டது குட்டையான எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா. வெளிறிய இதழ்கள் தொங்கும் பல்லிடாவும், ஓசார்க் மலைப் பகுதியில் மஞ்சளாகப் பூக்கும் பாரடாக்ஸாவும் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த மற்ற இரண்டு. இவற்றில் பலவற்றின் தாயகம் பிரெய்ரி என்னும் புல்வெளி. மரம் அரிது, கோடையில் காய்ச்சல், குளிர்காலத்தில் உறைபனி, அவ்வப்போது தீ. வெயிலின் தேவை எவ்வளவு என்பதற்கு டென்னசி மாநிலத்தின் எக்கினேசியா டென்னசியென்சிஸ் நல்ல சாட்சி. நாஷ்வில் நகரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறைமேல் சில அங்குல மண் மட்டுமே படிந்த திறந்த வெளிகளில்தான் அது இயற்கையாக வளர்கிறது. வளமான மண்ணில் அதற்கு வளரத் தெரியாது என்பதல்ல. அங்கே புதரும் மரமும் வந்து நிழலடித்துவிடும், நிழலில் அது தோற்றுப்போகும். மற்றவை பிழைக்க முடியாத வறட்டு நிலம் அதற்குக் கிடைத்த பாதுகாப்பு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும் என்று தோட்டக்கலை நூல்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தப் போட்டியின் வரலாறுதான்.

பிரெய்ரியின் உண்மையான உயரம் தரைக்குக் கீழே இருக்கிறது என்பதைக் கண்ணால் காணும்படி செய்தவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜான் வீவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அவர் புல்வெளியில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஒவ்வொரு செடியின் வேரையும் மண்ணிலிருந்து பொறுமையாகப் பிரித்து அளவோடு வரைந்தார். முழங்கால் உயரச் செடிகளுக்கு மனிதனை விட நீளமான வேர் இருந்தது அந்த வரைபடங்களில் வெளிப்பட்டது. பல்லிடா, அங்குஸ்டிஃபோலியா, பாரடாக்ஸா மூன்றும் ஆணிவேர் விடுபவை. சாதகமான மண்ணில் அந்த வேர் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கும். மேற்பரப்பு காய்ந்து வெடித்த பிறகும் ஆழத்து ஈரம் கிடைக்கும், குளிர்காலத்தில் மேலே தண்டு முழுதும் மடிந்தாலும் அடுத்த ஆண்டுக்கான உணவு கீழே பத்திரமாக இருக்கும். இந்த வேரின் வலிமைக்கு மருந்துச் சந்தையே தற்செயலான ஒரு சோதனை நடத்தியது. காட்டில் வேர் தோண்டுவது செடியை அழிக்கிறதா என்று அறிய கான்சஸ் பல்கலைக்கழகத்தின் கெல்லி கிண்ட்ஷரும் உடன் ஆய்வாளர்களும் தோண்டிய குழிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அங்குஸ்டிஃபோலியா செடிகளில் ஏறத்தாழப் பாதி மண்ணில் எஞ்சிய வேர்த்துண்டிலிருந்து மீண்டும் துளிர்த்திருந்தன. மேலே உள்ளதை முழுதும் இழந்தும், கீழே உள்ளதில் பெரும்பங்கை இழந்தும் மீளக்கூடிய செடி, தொழுவுரம் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றும் பாத்தியில் நான்கு ஆண்டு தாங்காமல் போகிறது என்றால், பராமரிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் புரிவது கடினமில்லை. ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் மாவுச்சத்தைச் செடி தண்டுக்கும் வேருக்கும் பங்கிடுகிறது. நீரும் தழைச்சத்தும் அரிதாக இருந்தால் அவற்றைத் தேடும் வேருக்குப் பங்கு கூடுகிறது, இரண்டும் தாராளமாகக் கிடைத்தால் வெளிச்சத்துக்குப் போட்டியிடும் இலைக்கும் தண்டுக்கும் கூடுகிறது. பயிர்ச் செடி, களைச் செடி என்ற பேதமில்லாமல் பலவற்றில் இதைக் கண்டிருக்கிறார்கள். யூரியாவோ ஊட்டமான மட்கு உரமோ இட்ட பாத்தியில் எக்கினேசியா உயரமாக வளர்ந்து, தண்டு மெலிந்து, ஒரு மழைக்கே சாய்ந்துவிடுவது இதனால்தான். அதற்குக் குச்சி நட்டுக் கட்டுவது நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு வைத்தியம் பார்ப்பது. இன்னும் பெரிய ஆபத்து குளிர்காலத்தில் வருகிறது. உறைபனியைத் தாங்கும் இந்தச் செடிக்கு உறைபனியோடு சேர்ந்து தேங்கும் ஈரம்தான் எமன். வடிகால் இல்லாத களிமண்ணிலும், கழுத்துவரை மட்குப் போர்த்திய பாத்தியிலும் தண்டும் வேரும் சேரும் பகுதி அழுகிவிடும். வசந்தத்தில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக் குளிரைக் குற்றம் சொல்கிறார்கள்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. தோட்டங்களில் பெரும்பாலும் நடப்படும் பர்ப்பூரியா வறட்டு நிலத்துச் செடியே அல்ல. ஈரப்பாங்கான புல்வெளிகளிலும் காடு திறந்துகொள்ளும் ஓரங்களிலும் வளர்வது அது. அதற்கு ஆழமான ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்க் கொத்துத்தான். எனவே பட்டினி போடு என்ற பொது அறிவுரை அதற்குப் பொருந்தாது என்று சொன்னால் மறுக்க முடியாது. உண்மையில் எக்கினேசியாக்களிலேயே பர்ப்பூரியா தோட்டத்துக்குள் நுழைந்ததற்கு அந்த இணக்கமே காரணம். ஆனால் இந்த ஆட்சேபம் அளவைத்தான் திருத்துகிறது, திசையை மாற்றவில்லை. பர்ப்பூரியாவுக்குச் சுமாரான தோட்ட மண் போதும், நட்ட முதல் கோடையில் வேர் பிடிக்கும்வரை வாரந்தோறும் ஆழமாக நீர் வேண்டும். அதற்குப் பிறகு நீண்ட வறட்சியில் மட்டும் கவனித்தால் போதும். ஆணிவேர் இனங்களையோ, அவற்றின் இரத்தம் கலந்த ஆரஞ்சு, மஞ்சள் கலப்பினங்களையோ அதே பாத்தியில் அதே தண்ணீரில் வைத்தால் அவை முதலில் போகும். அவற்றைப் பெயர்த்து நடுவதும் பிரித்து நடுவதும் ஆபத்தானவை, ஏனென்றால் பிரிக்க முடியாத ஒரே வேரைத்தான் அவை நம்பியிருக்கின்றன. இனம் தெரியாமல் எல்லாவற்றையும் ‘எக்கினேசியா’ என்று ஒரே பாத்தியில் கூட்டுவதுதான் முதல் பிழை.

வேர் ஒரு செடியைக் காக்கிறது. ஆனால் நல்ல மண்ணிலும் தோட்டத்துப் பர்ப்பூரியா என்றென்றும் இருப்பதில்லை, சில ஆண்டுகளில் தளர்ந்துபோவது உண்டு. அப்படியிருந்தும் சில பாத்திகள் தலைமுறைக் கணக்கில் பூக்கின்றன. அங்கே பழைய செடிகளின் இடத்தைக் கன்றுகள் நிரப்புகின்றன. அதனால் அடுத்த கேள்வி, விதை எப்படி உண்டாகிறது என்பது. ஒரு பூத்தலையை அருகில் வைத்துப் பார்ப்போம். நாம் ஒரே பூவாக எண்ணுவது நூற்றுக்கணக்கான சிறுமலர்களின் கூட்டம். வெளியே இதழாகத் தெரிபவை கதிர்ச் சிறுமலர்கள். அவை மலடு, பூச்சியைக் கூப்பிடும் வேலை மட்டும் அவற்றுக்கு. கூம்பில் அடர்ந்திருக்கும் வட்டுச் சிறுமலர்களே விதை தருபவை. அவற்றுக்கிடையே விறைத்து நிற்கும் ஆரஞ்சு நிற முட்கள் காய்ந்த செதில்கள். சிறுமலர்கள் ஒரே நாளில் திறப்பதில்லை. விளிம்பில் தொடங்கி நாளுக்கு ஒரு வரிசையாக உள்நோக்கிப் போகின்றன. ஒவ்வொரு சிறுமலரும் முதல் நாள் மகரந்தத்தை வெளியே தள்ளும், மறுநாள் அதன் சூல்தண்டு எழுந்து இரண்டாகப் பிளந்து வளையும். பொருத்தமான மகரந்தம் ஒட்டினால் ஒரு நாளுக்குள் அந்தச் சூல்தண்டு சுருங்கிவிடுகிறது. ஒட்டாவிட்டால் நாள்கணக்கில் நீட்டிக்கொண்டே நிற்கிறது. ஆகவே கூம்பைச் சுற்றி எத்தனை வரிசைச் சூல்தண்டுகள் காய்ந்துபோகாமல் நிற்கின்றன என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலே அந்தச் செடிக்குத் துணை கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். மின்னசோட்டாவின் மேற்குப் பகுதியில் எஞ்சிய பிரெய்ரித் துண்டுகளில் அங்குஸ்டிஃபோலியாவை ஆராயும் ஸ்டூவர்ட் வேகேனியஸின் குழு இந்த அடையாளத்தையே அளவுகோலாக்கியது.

‘பொருத்தமான’ என்று சொன்னதில் வாதத்தின் பாரம் முழுதும் இருக்கிறது. எக்கினேசியாவில் தன் ஒவ்வாத்தன்மை வலுவானது. தன் மகரந்தத்தையோ, மரபணு அளவில் தனக்கு மிக நெருங்கியதன் மகரந்தத்தையோ சூல்முடி ஏற்காது. தேனீ எவ்வளவு உழைத்தாலும் தனித்து நிற்கும் ஒரு செடிக்கு விதை அபூர்வம். தோட்டத்தில் இதன் விளைவு எளிதில் கண்ணில் படாது. நவீன ரகங்கள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் பெருக்கப்படுபவை. ஒரே ரகத்தில் பன்னிரண்டு தொட்டி வாங்கி வரிசையாக நட்டால், உயிரியல் கணக்கில் அது பன்னிரண்டு இடத்தில் நிற்கும் ஒரே செடி. அதன் பூக்கள் ஒன்றுக்கொன்று துணையாக முடியாது. இன்னொரு மறைப்பும் உண்டு. சேர்க்கை நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒவ்வொரு வட்டுச் சிறுமலரின் அடியிலும் கனியின் தோடு உருவாகிவிடும். உள்ளே கரு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. எடை போட்டோ எக்ஸ்ரே எடுத்தோதான் ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். காய்ந்த கூம்பைக் கையில் உதிர்த்து ‘எவ்வளவு விதை’ என்று மகிழ்பவர் கையில் வெறும் பதர் இருக்கலாம்.

துணை அருகில் இருப்பது மட்டும் போதாது, ஒரே காலத்தில் பூக்கவும் வேண்டும். காட்டு அங்குஸ்டிஃபோலியா ஒவ்வோர் ஆண்டும் பூப்பதில்லை. எல்லாச் செடிகளும் வெவ்வேறு ஆண்டுகளில் பூத்தால் பூத்தவை துணையின்றி வீணாகும். வேகேனியஸ் குழு 778 செடிகளை 21 ஆண்டுகள் கவனித்து 2020-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது. புல்வெளியில் தீ வைத்த பிறகு வரும் கோடையில் கூடுதல் செடிகள் ஒன்றாகப் பூக்கின்றன, அதே கோடைக்குள் பூக்கும் நாட்களும் நெருங்கி வருகின்றன, விதைப்பிடிப்பு உயர்கிறது. சாம்பல் உரமாவதால் செடி தெம்பாகிறது என்ற பழைய எண்ணத்தோடு, தீ ஒரு நாள்காட்டி போலச் செயல்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டுத் தோட்டத்தில் யாரும் தீ வைக்கப் போவதில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் பாடம் அப்படியே பொருந்தும். மரபணு வேறுபட்ட, அதாவது விதையிலிருந்து எழுந்த நாலைந்து செடிகளாவது கைக்கெட்டும் தூரத்தில், ஒரே பருவத்தில் பூக்கும்படி நின்றால்தான் பாத்தி தன்னைத் தானே புதுப்பிக்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அடுக்குப் பூ ரகங்களின் நிலை தெளிவாகும். நெதர்லாந்தில் கிடைத்த ‘ரஸ்மடாஸ்’ இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்ததிலிருந்து, கூம்பு முழுதும் பஞ்சுருண்டையாகப் பொங்கும் அடுக்குப் பூக்கள் பெருகிவிட்டன. வட்டுச் சிறுமலர்களே அங்கே இதழாக மாறியிருக்கின்றன. இதே குடும்பத்துச் சூரியகாந்தியில் இது எப்படி நேர்கிறது என்று 2012-இல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். விளிம்பில் மட்டும் இயங்க வேண்டிய ஒரு மரபணு, தலை முழுதும் இயங்கத் தொடங்கிவிடுகிறது. வான்கோ 1888-இல் தீட்டிய குவளைகளில் சில பூக்கள் சடைத்துத் தெரிவதற்கும் அதுவே காரணம். கண்ணுக்கு விருந்து, பூச்சிக்குப் பட்டினி. டெலவேரில் உள்ள மவுண்ட் கியூபா மையம் 2018 முதல் 2020 வரை எக்கினேசியா ரகங்களை அருகருகே நட்டு ஒப்பிட்டபோது, பூச்சிகள் ஒற்றை அடுக்குப் பூக்களை நாடி, அடுக்குப் பூக்களைப் பெரும்பாலும் ஒதுக்கின. இயற்கையிலேயே பூ தன் வேலையை விட்டு வேறாக மாறும் இன்னொரு நிகழ்வு உண்டு, அது நோய். தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி தாக்கினால் எக்கினேசியாவின் கூம்பிலிருந்து பச்சை இலைக் கொத்துகள் முளைக்கும். எள் பயிரில் பூவெல்லாம் இலையாகிப் போவதைக் கண்ட நம் விவசாயிகளுக்கு இந்தக் கோலம் புதிதல்ல, அதுவும் இதே வகை நுண்ணுயிரியின் வேலைதான். மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி அகற்ற வேண்டும்.

இதற்கு எதிராகக் கலப்பின ஆர்வலர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். மேலே சொன்ன அதே டெலவேர் ஒப்பீட்டில் பல ரகங்கள் திடமாக நின்று நல்ல மதிப்பெண் பெற்றன. தேர்ந்தெடுத்த ரகங்களில் சிலவற்றைப் பூச்சிகள் மிக விரும்பவும் செய்தன. ஸ்வீடனில் மக்னஸ் நில்சன் பல தலைமுறை தேர்ந்தெடுத்த ‘மக்னஸ்’ 1998-இல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் பல்லாண்டுச் செடியாக அறிவிக்கப்பட்டது, அது விதையிலிருந்தே வளர்க்கப்படும் ரகம். ஆக, மனிதன் கை பட்டதெல்லாம் கெட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. நகலாகப் பெருக்கிய செடியை விரும்பி நடுபவர் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். செடி செய்துகொள்ள வேண்டிய புதுப்பிப்பை இனி அவர் செய்ய வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய நாற்று வாங்க வேண்டும். அது நேர்மையான ஏற்பாடு. அதைப் பல்லாண்டுத் தோட்டம் என்று விற்பதில்தான் குளறுபடி.

மூன்றாவது கண்ணி விதை மண்ணில் விழுவதும் முளைப்பதும். எக்கினேசியா விதை விழுந்தவுடன் எளிதில் முளைப்பதில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்து சில வாரங்கள் பட்டால் உறக்கம் கலையும். பர்ப்பூரியாவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் உதவும், ஆணிவேர் இனங்களுக்கு இரண்டு மூன்று மாதங்கள் வரை தேவைப்படும். குளிர்நாடுகளில் இதைக் குளிர்காலமே இலவசமாகச் செய்துவிடுகிறது, விதை அதுவரை பாத்தியில் இருந்தால். சுத்தமான தோட்டம் என்ற பழக்கம் இங்கேதான் குறுக்கே வருகிறது. வாடிய தலைகளை உடனுக்குடன் கிள்ளினால் பூக்கும் காலம் நீள்வது உண்மை. இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் தரைமட்டமாக வெட்டினால் பாத்தி ஒழுங்காகத் தெரிவதும் உண்மை. இரண்டிலும் விதை போய்விடுகிறது, மரப்பட்டைத் தூளைத் தடிமனாகப் பரப்பினால் தப்பிய விதைக்கும் மண் எட்டாது. கோடை நடுவரை கிள்ளிவிட்டு, பிற்பாடு வரும் தலைகளைக் குளிர் முடியும்வரை நிற்கவிடுவதே இரண்டுக்கும் இடம்தரும் வழி. நிற்கும் கூம்புகளில் மஞ்சள் நிறக் கோல்ட்ஃபின்ச் குருவிகள் தொங்கியபடி விதை கொத்தும். அவை தின்பது போக, சிந்துவதே முளைப்புக்குப் போதும்.

தானாக முளைத்த கன்றுகள் தாயைப் போல இருக்காது, ஆரஞ்சுப் பாத்தி சில ஆண்டுகளில் இளஞ்சிவப்பாகிவிடும் என்பது அடுத்த முறையீடு. சரியான கவனிப்புதான். அயல்மகரந்தத்தில் பிறக்கும் எந்தச் சந்ததியிலும் அது தவிர்க்க முடியாதது. நிறம் முக்கியம் என்பவர் கன்றுகளைக் களைந்துகொள்ளலாம், தொடர்ச்சி முக்கியம் என்பவர் வேறுபாட்டைச் சகிக்க வேண்டும். இதைவிடக் கனமான முறையீடு சூழலியலாளர்களிடமிருந்து வருகிறது. டென்னசியென்சிஸ் ஒரு காலத்தில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1960களின் இறுதியில் மீண்டும் கண்டறியப்பட்டு, 1979-இல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டு, வாழிடங்களைக் காத்துப் புதிய கூட்டங்களை நிறுவியதால் 2011-இல் பட்டியலிலிருந்து விடுபட்ட செடி. எக்கினேசியா இனங்கள் எளிதில் கலக்கக்கூடியவை. அத்தகைய அரிய கூட்டத்தின் அக்கம்பக்கத்தில் பர்ப்பூரியாவைத் தாராளமாக விதைத்துப் பரவவிட்டால், பல பத்தாண்டு உழைப்பில் மீட்ட மரபுத்தூய்மை கலைந்துபோகலாம். எனவே ‘விதைக்கு விடு’ என்பது எங்கும் செல்லும் கட்டளை அல்ல. காட்டு எக்கினேசியா எஞ்சியிருக்கும் வட்டாரங்களில் அந்தந்த இடத்துக்குரிய இனத்தை, அங்கேயே சேகரித்த விதையிலிருந்து வளர்ப்பதே பொறுப்பான செயல்.

ஆட்சேபங்களைக் கழித்த பிறகும் வாதம் தன் இடத்தில் நிற்கிறது. பர்ப்பூரியாவின் ஈரப்பாங்கு அளவைத் திருத்தியது, கலப்பினங்களின் வெற்றி பொதுமைப்படுத்தலைக் கட்டுப்படுத்தியது, அரிய இனங்களின் பாதுகாப்பு புவியியல் எல்லை போட்டது. ஒன்றும் அடிப்படையை அசைக்கவில்லை. இதனால் தோட்டக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுகின்றன. எத்தனை பூ, எவ்வளவு பெரிது என்பது முதல் கோடையின் மதிப்பீடு. குளிர்காலத்தில் வேர்க்கழுத்து உலர்வாக இருந்ததா, கூம்பில் சூல்தண்டுகள் சீக்கிரம் சுருங்கினவா, வசந்தத்தில் செடிகளுக்கிடையே சொரசொரப்பான இலைகளோடு கன்று எழுந்ததா என்பவை ஐந்தாம் ஆண்டையும் பத்தாம் ஆண்டையும் முன்கூட்டிச் சொல்லும் மதிப்பீடுகள். மூன்றுக்கும் பதில் ஆம் என்றால் நட்ட செடிகளில் பாதி போனாலும் கவலையில்லை. மூன்றுக்கும் இல்லை என்றால், இன்று எவ்வளவு பூத்துக் குலுங்கினாலும் அந்தப் பாத்தி அடுத்த நாற்றுப் பண்ணைப் பயணத்துக்குக் காத்திருக்கும் ஓராண்டுத் தோட்டமே.